விளக்கம் வராத தாள்

எங்கள் இறகுப்பந்துச் சம்மேளனத்தில் மிக உயர்ந்த நிலைக்கு ஒரு பெயர் உண்டு. 'முதன்மைத் தகுதியாளர் உயர்நிலைப் பிரிவு (அ)'. (ஆ) என்று ஒன்று கிடையாது. பின்னால் தேவைப்படலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ஏழு ஆண்டுகளாக இரண்டாம் எண் கவுன்ட்டரில் உட்கார்ந்து இந்தப் பெயரைப் படிவங்களில் எழுதியிருக்கிறேன். ஒருவரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

எல்லோரும் 'குளிரு' என்றார்கள்.

காரணம் எளிது. கீழ்ப் பிரிவுகள் ஆடும் இரண்டு அரங்குகளிலும் மின்விசிறி போட முடியாது. காற்றில் காக், அதாவது இறகுப்பந்து, விலகும். ஜன்னலையும் திறக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்த அடைத்த அரங்கில் வேர்த்து வழிந்து ஆடுவார்கள். உயர்நிலைப் பிரிவின் அரங்கில் மட்டும் ஏசி. அங்கேயும் காக் விலகத்தான் செய்யும். ஆனால் அங்கே விலகினால் அதற்கு நுட்பம் என்று பெயர்.

புதிய தலைவர் வந்த மாதம் ஒரு பரிசளிப்பு. கோப்பையைக் கொடுத்துவிட்டு, ஜெயித்த பெண்ணிடம் கேட்டார்.

"அடுத்து எங்கம்மா?"

"குளிருக்கு சார்."

"அப்படியா, ஸ்வெட்டர் வாங்கிட்டியா?"

அரங்கு சிரித்தது. செயலாளர் அவர் காதில் விஷயத்தைச் சொன்னார். தலைவரின் முகம் மாறியது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. 'மேற்படி சொல்லை வளாகத்துக்குள் எவரும் எழுதவோ பேசவோ கூடாது.' மேலே எந்தச் சொல்லும் இல்லை. சம்மேளனத் தாளில் அந்தச் சொல்லை எழுதினால் அதுவே விதிமீறல் ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். எந்தச் சொல் என்று கேட்டவர்களை மட்டும் செயலாளர் வாசலுக்கு வெளியே கூட்டிப் போய்க் காதில் சொன்னார். அந்த வாரம் அவருக்கு வேறு வேலை ஓடவில்லை.

தாள்களுக்கு மஞ்சள் சீட்டு வந்தது. யாராவது எழுதிக் கொடுக்கும் தாளில் அந்தச் சொல் இருந்தால், கவுன்ட்டர் எழுத்தர் அதை மஞ்சள் சீட்டில் எடுத்தெழுதி, அடிக்கோடிட்டு, தாளோடு சேர்த்துக் குத்த வேண்டும். கையெழுத்து அடையாளம் தெரியாதபடி அச்சுபோல எழுத வேண்டும். கீழே கவுன்ட்டர் எண் மட்டும். சீட்டு குத்திய தாள் நகராது. எழுதியவர் நேரில் வந்து விளக்கம் கொடுத்தால், அந்த இடத்தில் முறையான பெயரைப் போட்டுப் புதிதாக எழுதி வாங்கிக்கொண்டு, பழைய தாளையும் சீட்டையும் கிழித்துவிடுவார்கள். வேறொரு வழியும் விதி பதினேழில் உண்டு. சீட்டு வைத்தவரே அதைத் திரும்ப எடுக்கலாம். அப்படி எடுத்தால் அவர் பெயரும் காரணமும் அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் தொங்கும். ஒருவரும் எடுத்ததில்லை.

ஒருமுறை ஏசி மெக்கானிக் பழுதுப் பதிவேட்டில் 'குளிர் பத்தவில்லை' என்று எழுதிவிட்டுப் போனார். சீட்டு விழுந்தது. அவர் வெளியூரில் இருந்ததால் விளக்கம் வர நான்கு நாள் ஆயிற்று. அதுவரை ஏசி ஓடவில்லை. வந்து திருத்தி எழுதிக் கொடுத்தார். 'முதன்மைத் தகுதியாளர் உயர்நிலைப் பிரிவு (அ) பத்தவில்லை.' அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே வீட்டில் சொல்வேன். என் மனைவியும் சிரிப்பாள்.

அவள் ஆட்டக்காரி. நல்ல உயரம், அரங்கில் நெட்டை என்பார்கள். இரட்டையர் ஆட்டத்தில் அவளுடைய ஜோடி அவள் தோளுக்குத்தான் வருவாள். அவளைக் குட்டை என்பார்கள். பதினேழு வயதிலிருந்து சேர்ந்து ஆடியவர்கள். இருவரும் தகுதிப் போட்டியில் ஜெயித்த வாரம் உயர்நிலைப் பிரிவுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். இரட்டையருக்கு ஒரே தாள்தான்; அது நிலுவையில் இருக்கும்வரை இருவரில் யாரும் வேறு தாள் கொடுக்க முடியாது. அதில் 'சேர விரும்புவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'விளையாட்டுக்குத் தொண்டாற்ற' என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். என் மனைவி இப்படி எழுதியிருந்தாள்: 'பன்னிரண்டு வருஷம் வேர்த்தாச்சு. இனி குளிரு.'

அவளே வரிசையில் நின்று கொண்டுவந்து நீட்டினாள்.

"நல்லாப் படிச்சுப் பாருங்க, ஆபீசரே" என்றாள். சிரித்துவிட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். கவுன்ட்டரில் இருப்பது நான் என்ற தைரியம்.

அன்று காலை கண்காணிப்பாளர் என் மேஜையருகில் நின்று, "உங்க வீட்டம்மா ஃபாரம் இன்னைக்கு வருதாமே? பாத்துக்கங்க" என்று சொல்லியிருந்தார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஒரு அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். சொந்த மனைவி என்று விட்டுவிட்டான் என்ற பேச்சு வரக் கூடாது. மஞ்சள் சீட்டை எடுத்து, அச்சுபோல எழுதி, அடிக்கோடிட்டு, குத்தினேன். பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கண்காணிப்பாளர் இல்லை. மதியத்துக்கு மேல் விடுப்பு போட்டுவிட்டுப் போயிருந்தார்.

அது வியாழக்கிழமை. வீட்டில் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம், விளக்கம் கொடுக்க ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்தேன். சனிக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். நான்காம் நாள் மருத்துவமனையில் கண் விழித்து, "ஃபாரம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"நகர்ந்துருச்சு" என்றேன்.

ஊசி ஏற்றியிருந்த கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினாள்.

காரியமெல்லாம் முடித்து, பதினைந்தாம் நாள் நான் வேலைக்குத் திரும்பினேன். தாள் என் கவுன்ட்டருக்குப் பின்னால், இரும்பு அலமாரியில், வைத்த இடத்திலேயே இருந்தது.

குட்டை ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு வந்தாள். தோளில் பேட் பை.

"அண்ணா, ஏதாச்சும் நகர்ந்துச்சா?"

"இல்லம்மா. சீட்டு இருக்கே."

"அத வெச்சவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"மூணு பேரு மாறி மாறி உட்கார்ற கவுன்ட்டர் இது."

"மூணுல ஒண்ணு நீங்க. மிச்சம் ரெண்டு. அந்த மீசைக்காரரா இருக்குமோ? மூஞ்சியே சீட்டுக் கலர்ல இருக்கு."

"தெரியல."

"தெரியட்டும். பேட்டாலயே மண்டையப் பொளக்கறேன். நீங்க குறுக்க வந்து விலக்கி விடக் கூடாது, சொல்லிட்டேன்."

"விலக்க மாட்டேன்" என்றேன்.

அதன் பிறகு அவள் மீசைக்காரர் கையிலிருந்து எந்தத் தாளையும் வாங்குவதில்லை. அவர் வணக்கம் சொன்னால் சுவரைப் பார்ப்பாள். அவர் சாது. ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: "நான் என்னங்க பண்ணேன் அந்தப் புள்ளைக்கு?"

"தெரியலீங்க" என்றேன். டீக்கு அன்று அவர்தான் காசு கொடுத்தார்.

இப்படியே பதினோரு மாதம் போயிற்று. முப்பது வயது முடிந்தவர்கள் உயர்நிலைப் பிரிவில் புதிதாகச் சேர முடியாது. குட்டைக்கு முப்பது முடிய ஐந்து வாரம் இருந்தது.

அப்போதுதான் விளம்பரதாரர் வந்தார். சட்டை தயாரிக்கும் நிறுவனம். உயர்நிலைப் பிரிவை ஏற்று நடத்தத் தயார், ஆனால் அதை மக்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றார்கள். வாசலில் நின்று நூறு பேரைக் கேட்டார்கள். தொண்ணூற்றெட்டு பேர் 'குளிரு' என்றார்கள். மிச்சம் இரண்டு பேர் சம்மேளன ஊழியர்கள். காதில் சொல்லட்டுமா என்று கேட்டார்கள். அந்தப் பெயர் இருந்தால்தான் ஒப்பந்தம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

தலைவர் உடனே 'வழக்குச்சொல் ஏற்புக் குழு' அமைத்தார். மற்ற தொழில்களில் உச்ச நிலைக்கு என்ன சொல்கிறார்கள் என்று கள ஆய்வு செய்ய என்னை அனுப்பினார்கள்.

"நீங்க போறதுதான் சரி" என்றார் செயலாளர். "லேட்டானாலும் வீட்ல தேட ஆளில்ல பாருங்க."

மூன்று வாரம் சுற்றினேன். பெரிய ஹோட்டல் சமையலறையில் உச்ச நிலைக்கு 'ஸ்டூல்' என்று பெயர். தலைமைச் சமையல்காரருக்கு மட்டும்தான் உட்கார ஸ்டூல் உண்டு. "அவரு ஸ்டூலுக்கு வந்து நாலு வருஷமாச்சு, கரண்டியே புடிக்கிறதில்ல" என்று பெருமையாகச் சொன்னார்கள். நெடுந்தூரப் பேருந்து ஓட்டுநர்களுக்கு 'பகல் வண்டி'. கிரேன் இயக்குபவர்களுக்கு 'லிஃப்ட்'. மற்றவர்கள் இருநூறு படி ஏணியில் ஏறுகிறார்கள். அறுவை மருத்துவர்களில் உச்சத்தில் இருப்பவரை வார்டு ஆட்கள் 'கதவு தொடாதவர்' என்கிறார்கள். அவர் போகும் வழியெல்லாம் வேறு யாராவது கதவைத் திறந்து பிடிக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தையும் விடவில்லை. எழுத்தர்களிடையே உச்ச நிலை 'சாவி'. மேல் அதிகாரிகளுக்குத் தனிக் கழிப்பறை. அதன் சாவி ஆளுக்கு ஒன்று. "அவருக்குச் சாவி கிடைச்சிருச்சு" என்றால் இனி அவரை ஒருமையில் பேச முடியாது.

அறிக்கையின் கடைசியில் எழுதினேன்: 'எந்தத் தொழிலிலும் உச்ச நிலைக்குத் திறமையைக் குறிக்கும் சொல் கிடைக்கவில்லை. எல்லாச் சொற்களும் உட்காருவதையோ, இரவில் தூங்குவதையோ, வேர்க்காமல் இருப்பதையோ குறிக்கின்றன.' முடிவுரை எதிர்மறையாக இருக்கிறது என்று அதை நீக்கிவிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

குழுக் கூட்டத்தில் தலைவர் பேசினார்.

"நான் இறகுப்பந்து ஆடுனதில்ல. பாத்ததும் கம்மி. அதனாலதான் என்கிட்ட நடுநிலை இருக்கு. இந்தச் சொல்ல நாம தடை பண்ணோம். ஏன்? ஆட்டக்காரங்க சொன்னாங்க. அவங்க சொன்னா அது கொச்சை. இப்ப நாம சொல்லப் போறோம். நாம சொன்னா அது மரபு. கொள்கை மாறவே இல்லங்கறதப் பதிவு பண்ணிக்கங்க."

பதிவு செய்தேன்.

குழுவின் மொழிப் பேராசிரியர் 'தண்மைப் பேரவை' என்று வைத்தால் கம்பீரமாக இருக்கும் என்றார். விளம்பரதாரரின் ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேராசிரியர் தம் யோசனையைத் திரும்பப் பெற்றார்.

முதல் தீர்மானம், தடை நீக்கம். நிறைவேறியது. இரண்டாவது, சொல்லை முறையான பெயராக ஏற்பது. இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. புதிய சொல் எதையும் ஏற்க வேண்டுமானால், சம்மேளன ஊழியர் ஒருவர் அதை முன்பே கைப்பட எழுதிய ஆவணம் ஒன்று இருக்க வேண்டும். தேடினார்கள். சுற்றறிக்கையில் சொல் இல்லை. பதிவேடுகளெல்லாம் திருத்தப்பட்டுவிட்டன. விளக்கம் வந்த தாள்களையும் சீட்டுகளையும் கிழித்தாயிற்று. இரண்டரை ஆண்டில் நானூறு சீட்டு வைத்த இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஒன்று மிஞ்சியிருந்தது. விளக்கம் வராத தாள்.

செயலாளர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடி வந்தார். "கிடைச்சிருச்சு சார்! இந்தம்மா நல்ல வேளையா விளக்கம் குடுக்கல!"

நான் குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அதாவது, நம்ம எல்லாருக்கும் வருத்தம்தான்" என்றார்.

தாளையும் சீட்டையும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ஏசி அரங்கின் வாசலில் மாட்டுவதென்று முடிவாயிற்று. இருபதாம் தேதி விழா, அன்றே பெயர் ஏற்பு. பத்தொன்பதாம் தேதியோடு குட்டைக்கு முப்பது முடிகிறது; அவள் சேர அதுதான் கடைசி நாள். இந்தத் தாளில் உயிரோடு இருக்கும் ஒரு ஆட்டக்காரியின் விண்ணப்பமும் இருக்கிறதே என்று கேட்டேன்.

"இருக்கட்டுமே" என்றார் தலைவர். "இனி அது விண்ணப்பமில்ல, வரலாறு. வரலாறு நகராது."

கூட்டம் முடிந்ததும் செயலாளர் அறைக்குப் போனேன்.

"அந்தச் சீட்ட எடுத்துட்டா தாள் நகருமில்ல சார்?"

"நகரும். வெச்சவரு எடுக்கணும். யாரு வெச்சாங்கன்னுதான் தெரியலையே."

"நான்தான்."

அவர் எழுந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டு வேண்டியிருந்தது. அவர் மேஜையைச் சுற்றி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சொந்தப் பொண்டாட்டிக்கேவா? யோவ், உன்ன மாதிரி ஆள இவ்வளவு நாளா ரெண்டாம் கவுன்ட்டர்ல உக்கார வெச்சிருக்கோமே!" உடனே திருத்திக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க. உங்கள மாதிரி."

மறுநாளே உத்தரவு வந்தது. எனக்கு உச்சநிலை எழுத்தர் பதவி. உறையைக் கவிழ்த்தால் ஒரு சாவி விழுந்தது. விழா மேடையில் 'கடமையில் உறவு பாராதவர்' என்று கேடயமும் தருவார்களாம். அதுவரை யார் என்பது ரகசியம். தலைவர் என்னைப் பார்க்க வந்து ஒரு சிற்றுரை ஆற்றினார். "எல்லாரும் மனசாட்சிப்படி நடந்தா நிர்வாகம் எப்படி நடக்கும்? நீங்க வழிகாட்டி" என்றார்.

நான் மறுத்திருக்கலாம். சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று மாலை அந்தக் கழிப்பறைக்குப் போனேன். சுத்தமாக இருந்தது. சோப்பு இருந்தது. கை கழுவும்போது கண்ணாடியில் என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

விதி பதினேழு எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மருத்துவமனையில் அவள் கேட்ட அன்றும் தெரியும். பலகையில் என் பெயர் தொங்கும், குட்டை படிப்பாள். பதினோரு மாதமும் என்னைத் தடுத்தது இது ஒன்றுதான். வேறு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை.

பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை. எட்டு மணிக்கே போனேன். கண்ணாடிச் சட்டம் இன்னும் சுவரேறவில்லை. செயலாளர் அறையில் சாய்த்து வைத்திருந்தார்கள். பின்பலகையின் ஆணிகளைக் கழற்றித் தாளை எடுத்தேன். சீட்டை உருவி விதிப்படி நான்காகக் கிழித்தேன். அறிவிப்புப் படிவத்தில் என் பெயரை எழுதினேன். 'வைத்தவருக்கு விண்ணப்பதாரருடன் உறவு' என்ற கட்டத்தில் 'கணவன்' என்று எழுதினேன். 'எடுப்பதற்கான காரணம்' என்ற கட்டத்தில் 'வைத்திருக்கக் கூடாது' என்று எழுதினேன். பலகையில் குத்தினேன். சாவியைச் செயலாளரின் மேஜையில் வைத்தேன்.

ஒன்பது மணிக்கு அவசரக் கூட்டம்.

"யாரைக் கேட்டுய்யா எடுத்தே?" என்றார் தலைவர்.

"வெச்சவரு எடுக்கலாம் சார். விதி பதினேழு."

செயலாளர் நிதானமாக இருந்தார். "பதறாதீங்க சார். தாள்ல சொல் இருக்குல்ல? மீசைக்காரரக் கூப்பிட்டு இன்னொரு சீட்டு வெச்சிடலாம்."

"தடை பண்ண சொல்லுக்குத்தான் சீட்டு வைக்க முடியும்" என்றேன். "போன கூட்டத்துல தடைய நீக்கிட்டீங்க."

"அப்ப மறுபடியும் தடை போடு!" என்றார் தலைவர்.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "தடை பண்ண சொல்ல நாளைக்கு எப்படி ஏத்துக்கறது?"

விளம்பரதாரரின் ஆள் எழுந்து போனார். குழு அன்றே கலைந்தது. 'குளிரு' என்ற சொல்லுக்கு இப்போது தடையும் இல்லை, ஏற்பும் இல்லை. மற்ற எல்லாச் சொற்களும் அப்படித்தான் இருந்துகொண்டிருக்கின்றன.

எனக்குத் தண்டனை தரப் பிரிவைத் தேடினார்கள். சீட்டு வைக்காமல் விட்டதற்கு உண்டு; எடுத்ததற்கு இல்லை. "பலகையில முப்பது நாள் தொங்குது இல்ல, அது போதும்" என்று செயலாளர் சொன்னார். அவருக்குத் தெரியாமலே சரியாகச் சொன்னார்.

பத்து மணிக்கு நான் இரண்டாம் கவுன்ட்டரில் இருந்தேன். பலகை எனக்கு நேர் எதிரே. குட்டை வந்தாள். பலகை முன்னால் இரண்டு பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவளும் நின்றாள். மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலே போனாள். அவளுக்குப் பின்னால் மீசைக்காரர் வந்து நின்று படித்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தன் இடத்துக்குப் போனார்.

வரிசையில் அவளுக்கு முன்னால் மூன்று பேர். அவள் முறை வந்தது. பேட் பை தோளிலேயே இருந்தது. நான் தாளையும் சேர்க்கைப் படிவத்தையும் எடுத்து வைத்தேன்.

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். போட்டாள். அடுத்த கட்டத்தில் 'ஜோடியின் பெயர்' என்றிருந்தது. பேனா அதன்மேல் நின்றது. ஜோடி இறந்திருந்தால் புதிய ஜோடியைத் தொண்ணூறு நாளுக்குள் தெரிவிக்கலாம், அதுவரை கட்டத்தை வெற்றாக விட வேண்டும். அதைச் சொல்வது என் வேலை. நான் சொல்லவில்லை. அவள் என் மனைவியின் பெயரை முழுதாக, முதலெழுத்தோடு எழுதினாள். எழுதிவிட்டு என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

முத்திரை குத்தினேன். அழுத்தி, இரண்டு பெயரின் மேலும் படும்படி. நகலைக் கிழித்துக் கொடுத்தேன்.

"இன்னைலேர்ந்து ஏசி ஹால்லயா சார்?"

"ஆமாங்க" என்றேன்.